ஊசிவேலைப் போட்டிக்கு அனுப்பணுமா? ஊசியில நூல் கோக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போட்டிக்குத் தைக்கிறவங்க முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது, ஜட்ஜுக்கு உங்களைத் தெரியாது. அந்த ஒரு இலையை மூணு தடவை பிரிச்சுப் போட்டதோ, கழுத்து வலியோட உக்காந்து முடிச்சதோ அவருக்கு யாரும் சொல்லப் போறதில்ல. மேஜை மேல துணி, ஓரத்துல ஒரு நம்பர் சீட்டு, கையில மார்க் ஷீட், வரிசையில இன்னும் எவ்வளவோ துணி, அதுல உங்களுதுக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். யாருக்காவது கிஃப்ட் குடுக்கத் தைச்சா வாங்குறவங்க பாசத்தோட பாப்பாங்க, இங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஓரத்தைத் திருப்பிப் பாப்பாங்க. அதனால போட்டி வேலையில பாதி தையலுக்கு வெளியிலதான் இருக்கு, விதி படிக்கிறது, டிசைன், டைம் கணக்கு, ஃபினிஷிங், பேக்கிங்னு. நல்லாத் தைக்கிறவங்க பலபேர் அந்தப் பாதியை கடைசி வாரத்துல வச்சுக்கிறாங்க. இங்க அதைப் பத்திதான் அதிகம் சொல்லப் போறேன், சங்கிலித் தையல் எப்படிப் போடுறதுன்னு உங்களுக்கே தெரியும்.

விதியை பேனாவோட படிங்க

நோட்டீஸை ஒரு தடவை மேலோட்டமா பாத்துட்டு துணி வாங்க ஓடாதீங்க. பிரிண்ட் எடுத்து, எங்கெல்லாம் "கூடாது", "மட்டும்", "வரை"ன்னு வருதோ அங்கெல்லாம் கோடு போடுங்க, ஏன்னா ஒரு வேலையைத் தள்ளி வைக்கிறதுக்கு இந்த மூணு வார்த்தைதான் காரணமா இருக்கும்.

முதல்ல பிரிவு. துணி, நூல், டிசைன் எல்லாம் சேந்து வர்ற கிட் வாங்கித் தைச்சது ஒரு பிரிவு, வேற ஒருத்தர் சார்ட்டைப் பாத்துத் தைச்சது ஒரு பிரிவு, சொந்த டிசைன் ஒரு பிரிவுன்னு பல இடத்துல பிரிச்சிருப்பாங்க. கிரியேட்டிவ்னு தலைப்புலயே போட்டிருந்தா பெரும்பாலும் சொந்த டிசைனைத்தான் கேக்குறாங்க, அங்க போய் கிட்ல வந்த மயிலை என்னதான் அழகா தைச்சு வச்சாலும் டிசைன் மார்க் வராது. அமெச்சூர், ப்ரொஃபஷனல் பிரிவுலயும் கவனம் வேணும். தைச்சு வித்திருந்தாலோ, காசு வாங்கிட்டு கிளாஸ் எடுத்திருந்தாலோ சில இடத்துல உங்களை ப்ரொஃபஷனல்னு எடுத்துக்குவாங்க, சில இடத்துல முழு வருமானமும் அதுலயே வந்தாத்தான். நீங்களே ஊகிக்காம நடத்துறவங்ககிட்ட கேட்டுடுங்க, அதுவும் போன்ல கேக்காம மெயில்ல கேளுங்க, பதில் கையில இருக்கும்.

அப்புறம் அளவு. 40 செ.மீ.க்குள்ளன்னு போட்டிருந்தா அது தையலோட அளவா, துணியோட அளவா, பிரேமோட சேத்து வர்ற அளவா? மூணும் வேற வேற, பிரேம் மட்டுமே ரெண்டு பக்கமும் சேத்து 8, 10 செ.மீ. சாப்பிட்டுடும். கடைசி தேதிலயும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கு, அன்னிக்கு தபால்ல போட்டாப் போதுமா இல்ல அன்னிக்குள்ள அவங்க கைக்குப் போய்ச் சேந்திருக்கணுமான்னு பாருங்க. மெஷின் தையல் கலக்கலாமா, மணி, ஜரிகை, பெயின்ட் சேக்கலாமா, போன வருஷம் முடிச்ச வேலையை அனுப்பலாமா, வேற எங்கயாவது காட்சிக்கு வச்சது வரலாமா, ஒருத்தரே தைச்சிருக்கணுமா, எல்லாத்துக்கும் விதியில எங்கயோ ஒரு வரி இருக்கும். பேர் தெரியாம ஜட்ஜ் பண்ற போட்டின்னா துணி மூலையில உங்க இனிஷியலைத் தைக்காதீங்க, பின்னாடி கவர் துணியில போட்டு மூடிக்கலாம்.

மார்க் எப்படிப் பிரிக்கிறாங்கன்னு குடுத்திருந்தா அது தங்கம். டிசைனுக்கும் கலருக்கும் பாதி மார்க் வச்சிருக்குற போட்டிக்கும், டெக்னிக்குக்கு முக்கால்வாசி வச்சிருக்குற போட்டிக்கும் ஒரே வேலையை அனுப்பினா ரிசல்ட் ஒண்ணா வராது. பரிசு குடுக்குற முறையும் ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு வேலைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு முதல், ரெண்டாவது, மூணாவதுன்னு குடுக்குறது, இன்னொண்ணு டேனிஷ் முறைன்னு சொல்வாங்க, ஒவ்வொரு வேலையையும் ஒரு தர அளவுகோலோட மட்டும் ஒப்பிடுவாங்க, அந்த தரத்தைத் தொட்டவங்க எத்தனை பேரா இருந்தாலும் அத்தனை பேருக்கும் ரிப்பன் உண்டு. முதல் தடவை கலந்துக்கிறவங்களுக்கு ரெண்டாவது முறைல நடக்குற போட்டி நல்லது, பக்கத்து மேஜையில யார் என்ன வச்சிருக்காங்கன்னு கவலையே வேணாம். தீம் குடுத்து நடத்துற பெரிய போட்டிகளும் இருக்கு, லண்டன் ஹேண்ட் அண்ட் லாக் எம்ப்ராய்டரி நிறுவனம் 2000ல இருந்து நடத்துறது அந்த மாதிரி, மாணவங்களுக்குத் தனி, மத்தவங்களுக்குத் தனின்னு பிரிவு உண்டு. சேர்ற எண்ணம் இல்லைன்னாலும் அதுல ஜெயிச்ச வேலைகளோட படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்க, பூவும் இலையும் தாண்டி ஊசியால என்னெல்லாம் பண்ணலாம்னு கண்ணு திறக்கும்.

தீம், டிசைன்

தீம் "நீர்"னு வச்சுக்குவோம். தலைப்பைப் பாத்ததும் மனசுல வர்ற முதல் படம் மீன், அலை, தாமரை, மழையில குடை. எல்லாருக்கும் அதேதான் வரும், மேஜையில பத்து தாமரை வரிசையா இருக்கும். அதனால ஒரு தாள்ல தோணுறதை எல்லாம் எழுதிக்கிட்டே போங்க, பத்தாவது பதினஞ்சாவது வரும்போதுதான் உங்களுக்கே உங்களுக்குன்னு ஏதாவது வரும். உதாரணத்துக்கு, மழை பெஞ்சு ஓஞ்சப்புறம் சுவத்துல நிக்குற ஈரக் கறை. கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா தையலுக்கு அது எவ்வளவு இடம் குடுக்குது பாருங்க, மேல அடர்த்தியா கிட்டக்கிட்ட போட்ட ஓட்டுத் தையல், கீழ வர வர இடைவெளி கூடி, கடைசியில அங்கங்க ஒரு புள்ளித் தையல், சாம்பல்லயே மூணு ஷேடு, ஒரு ஓரத்துல பாசியோட பச்சைக்கு பிரெஞ்சு நாட் (ஊசியில நூலைச் சுத்திப் போடுற சின்ன முடிச்சு). தீமும் வந்துடுச்சு, டெக்னிக்கும் தெரியுது, வேற யாரும் அதைக் கொண்டு வர மாட்டாங்க.

தையல் வகை நிறைய காட்டணும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு, அதை நான் ஒத்துக்க மாட்டேன். பாயோ டேப்பஸ்ட்ரின்னு 11ம் நூற்றாண்டு வேலை ஒண்ணு இருக்கே, பேர்தான் டேப்பஸ்ட்ரி, உண்மையில லினன் துணியில கம்பளி நூலால போட்ட எம்ப்ராய்டரி, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம், அதுல பெரும்பகுதி காம்புத் தையலும் நூலைப் படுக்க வச்சுப் பிடிச்சுத் தைக்கிற தையலும்தான். ஜப்பானோட சாஷிகோ முழுக்க வெறும் ஓட்டுத் தையல். பத்து வகையைக் கொட்டி சாம்ப்ளர் (தையல் மாதிரிகளைக் காட்டுற துணி) மாதிரி ஆக்குறதுக்குப் பதிலா மூணு வகையை எடுத்து அதை உச்சத்துல செஞ்சா ஜட்ஜ் நிப்பார்.

படம் எங்கேருந்து எடுக்குறீங்கங்கறது முக்கியம். நெட்ல கிடைச்ச போட்டோவை டிரேஸ் பண்ணா அது உங்க டிசைன் ஆகாது, எடுத்தவருக்கு உரிமை இருக்கு, நூலால தைச்சுட்டா அது மாறிடாது. நீங்களே எடுத்த போட்டோ, நீங்களே வரைஞ்ச ஸ்கெட்ச், அதான் பாதுகாப்பு. கம்ப்யூட்டர் தானா உருவாக்குற படத்தைப் பத்தியும் இப்ப விதிகள்ல வர ஆரம்பிச்சிருக்கு, அதையும் பாத்துக்குங்க. ஸ்கெட்ச், கலர் சாம்பிள், பாதில எடுத்த போட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, யாராவது கேள்வி கேட்டா அதுதான் பதில்.

கலர் முடிவு பண்றப்போ ஒரு சுலபமான டெஸ்ட், நூல் கண்டுகளை டிசைன்ல வர்ற மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சு போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா, அது எவ்வளவு அழகான கலர்களா இருந்தாலும் ரெண்டு மீட்டர் தூரத்துல இருந்து பாத்தா படம் மங்கி ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். கொஞ்சம் ரொம்ப இருட்டு, கொஞ்சம் ரொம்ப வெளிச்சம், மீதி நடுவுல இருக்கணும். ஜட்ஜ் கிட்ட வந்து பாக்குறதுக்கு முன்னாடி தூரத்துலேருந்துதான் பாப்பார்.

துணி, நூல், டைம் கணக்கு

கவுன்டட் வேலைன்னா, அதாவது துணியோட கட்டத்தையோ இழையையோ எண்ணித் தைக்கிறதுன்னா, அளவு கணக்கு முதல்லயே போட்டுடணும். 14 கவுன்ட் ஐடா (கட்டம் கட்டமா நெஞ்ச துணி)ன்னா ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம், 140 தையல் அகலம் உள்ள டிசைன் அதுல 10 இன்ச் வரும், அதையே 18 கவுன்ட்ல போட்டா 8 இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மி. 28 கவுன்ட் லினன்ல ரெண்டு இழைக்கு ஒரு தையல் போட்டா அளவு 14 கவுன்ட் ஐடா மாதிரியேதான் வரும், பாக்க மட்டும் ரொம்ப நயமா இருக்கும், போட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். எந்தத் துணியா இருந்தாலும் நாலு பக்கமும் 3 இன்ச் கூடுதலா விடுங்க, 10 இன்ச் டிசைனுக்கு 16 இன்ச் துணி. கஞ்சத்தனம் பண்ணா போர்டுல மவுன்ட் பண்றப்போ இழுத்துக் கட்ட இடம் இருக்காது.

நூல் முழுசையும் ஒரே தடவையில வாங்குங்க. ஒரே நம்பர்னாலும் வேற வேற சாய லாட்ல லேசா வித்தியாசம் வரலாம், பெரிய பரப்பை நிரப்புற கலர்ல அந்தக் கோடு அப்பட்டமாத் தெரியும். டிஎம்சி கம்பெனியோட காட்டன் கண்டு 8 மீட்டர், 6 இழை, ரெண்டு இழையா பிரிச்சுத் தைச்சா ஒரு கண்டுல 24 மீட்டர் வரும், இதை வச்சு எத்தனை வேணும்னு உத்தேசமா போட்டு ஒண்ணு கூட வாங்குங்க. சிவப்பு, கரு நீலம், கறுப்பு இதெல்லாம் சாயம் விடுதான்னு முதல்லயே பாத்துடுங்க, ஒரு துண்டு நூலை நனைச்சு வெள்ளைத் துணிக்கு நடுவுல அழுத்தி வச்சுக் காய விட்டா தெரிஞ்சுடும்.

டிசைனைத் துணியில வரையுற பேனாவைப் பத்தி ஒரு எச்சரிக்கை. தண்ணில போற நீலப் பேனாவா இருந்தா, கோடு முழுசாப் போறதுக்கு முன்னாடி அயர்ன் வைக்கக் கூடாது, சூடு பட்டா கறை அப்படியே நின்னுடும், முதல்ல வெறும் பச்சத் தண்ணில அலசணும், சோப்பெல்லாம் அதுக்கப்புறம். சூட்டுல மறையுற ஃப்ரிக்ஷன் பேனா வேற மாதிரி, 60 டிகிரில மை மறையும், ஆனா போயிடாது, மைனஸ் 10 டிகிரிக்குக் கீழ போனா திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். குளிர் ஊருக்கு பார்சல் போகுது, விமானத்துல போகுதுன்னா அந்தப் பேனா பக்கமே போகாதீங்க. தையல் முழுசா மூடிடுற இடத்துல மட்டும் மெல்லிசா பென்சில் போதும்.

இப்ப டைம். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. டிசைன்ல ரொம்பக் கஷ்டமான இடம் எதுவோ அதுல ஒரு இன்ச்சுக்கு ஒரு இன்ச் கட்டத்தை வேற துணியில தைச்சுப் பாருங்க, கடிகாரத்தை வச்சுக்கிட்டு. 50 நிமிஷம் ஆச்சுன்னு வைங்க. டிசைன் 80 சதுர இன்ச்னா 4,000 நிமிஷம், அதாவது கிட்டத்தட்ட 67 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம் உக்கார முடியும்னா 45 நாள். பிரிக்கிறது, உடம்பு சரியில்லாத நாள், விருந்தாளி வர்ற நாள் எல்லாத்துக்கும் அதுல பாதியைக் கூட்டினா 67, 68 நாள். அதுக்கு மேல துவைக்க, காய, மவுன்ட் பண்ண, போட்டோ எடுக்க ரெண்டு வாரம், தபாலுக்கு ஒரு வாரம். கடைசி தேதிலேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க, ஆரம்பிக்க வேண்டிய நாள் போன மாசமே போயிடுச்சுன்னா டிசைனைச் சின்னதாக்குங்க. பெரிய சைஸ்ல சுமாரா தைச்சதை விட உள்ளங்கை அளவுல கச்சிதமா தைச்சதுதான் எப்பவும் ஜெயிக்கும், பெருசா இருக்குன்னு தனியா மார்க் கிடையாது.

அந்தச் சின்ன கட்டத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கலர், இழை எண்ணிக்கை, ஊசி சைஸ் எல்லாம் அதுலயே சரி பண்ணிக்கலாம், பிற்பாடு துவைச்சுப் பாக்கவும் அதுதான் உதவும்.

தைக்கிறப்போ ஜட்ஜோட கண்ணு எங்க போகும்

முதல்ல டென்ஷன், அதாவது நூலோட இழுப்பு. துணி சுருங்கியிருக்கா, தையல் தொளதொளன்னு நிக்குதா, ரெண்டும் தப்பு. ஹூப்ல (துணியை மாட்டுற வளையம்) துணி நல்லா விறைப்பா இருக்கணும், உள் வளையத்துல காட்டன் நாடா சுத்திட்டா வழுக்காது, துணியிலயும் தடம் அழுத்தமா விழாது. ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கும்போதும் ஹூப்பைக் கழட்டிடுங்க, வாரக்கணக்குல அப்படியே விட்டா அந்த வட்டத் தடம் துவைச்சாலும் போகாது. முடிஞ்சா டிசைன் முழுசும் உள்ள அடங்குற மாதிரி பெரிய பிரேம்லயே தைங்க, போட்ட தையல் மேலயே ஹூப் உக்காந்தா சாட்டின் ஸ்டிச் (பரப்பை நிரப்ப பக்கத்துல பக்கத்துல நெருக்கிப் போடுற தையல்) நசுங்கிடும், பிரெஞ்சு நாட் சப்பையாயிடும். ஊசியைத் துணியிலயே குத்தி வச்சுட்டுப் போறதும் வேணாம், துருக் கறை வந்தா அவ்வளவுதான்.

நூல் முழங்கை நீளத்துக்கு மேல வேணாம், 45 செ.மீ. சரியா இருக்கும், நீளமா எடுத்தா துணிக்குள்ள திரும்பத் திரும்ப உரசி கடைசிப் பகுதி பளபளப்பு போய் பஞ்சா வரும், ஒரே இதழ்ல ஒரு பக்கம் மின்னும் ஒரு பக்கம் மங்கும். 6 இழைலேருந்து ரெண்டு வேணும்னா ரெண்டையும் சேத்து உருவாதீங்க, ஒண்ணொண்ணா உருவி, திரும்பச் சேத்து வச்சு தைங்க, முறுக்கு விட்டு இழை பக்கத்துல பக்கத்துல படுக்கும். இந்த ஒரு பழக்கம் மட்டுமே சாட்டின் ஸ்டிச்சை ஒரு படி மேல தூக்கிடும். சாட்டின் ஸ்டிச் 1 செ.மீ.க்கு மேல நீண்டா தொங்க ஆரம்பிக்கும், அந்த இடத்தை லாங் அண்ட் ஷார்ட்டா (நீளமும் குட்டையுமா மாத்தி மாத்திப் போடுற தையல்) மாத்திடுங்க. ஓரம் ரம்பம் மாதிரி வருதுன்னா முதல்ல கோட்டு மேல ஸ்ப்ளிட் ஸ்டிச் (முந்தின தையலோட நூலைப் பிளந்து போடுறது) ஒரு வரி போட்டு அதை மூடிக்கிட்டு சாட்டின் போடுங்க, கத்தி வச்சு வெட்டின மாதிரி வரும்.

கிராஸ் ஸ்டிச்னா மேல வர்ற கால் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கணும். ஒண்ணே ஒண்ணு மாறியிருந்தாலும் வெளிச்சம் வேற மாதிரி பட்டு அது தனியாத் தெரியும், பழகின கண்ணு அரை நொடில பிடிச்சுடும். பிரெஞ்சு நாட்ல எத்தனை சுத்துன்னு ஆரம்பத்துல முடிவு பண்ணதை மாத்தாதீங்க, சைஸ் பெருசாகணும்னா சுத்தைக் கூட்டாம இழையைக் கூட்டுங்க. கான்வாஸ்ல டென்ட் ஸ்டிச்சை (ஒத்தையா சாய்வாப் போடுற சின்னத் தையல்) வரிசை வரிசையாப் போட்டா துணியே ஒரு பக்கமா சாஞ்சு சாய்சதுரமாயிடும், பாஸ்கெட்வீவ் முறைல குறுக்காப் போட்டா அந்த இழுப்பு ரொம்பக் கம்மி.

பின்பக்கம் பாப்பாங்களா? பிரேம் போட்டு மூடியிருந்தா பாக்க முடியாது, ஆனா பின்பக்கத்துல இருக்குறது முன்பக்கம் வராம இருக்காது. முடிச்சு போட்டா மவுன்ட் பண்ணப்புறம் மேடு தட்டும், அதனால நூலோட தொடக்கமும் முடிவும் ஏற்கனவே போட்ட தையலுக்குள்ள நுழைச்சு எடுத்ததா இருக்கட்டும். வெள்ளைத் துணியில கறுப்பு நூலை ஒரு பூவுலேருந்து இன்னொரு பூவுக்கு பின்னாடியே இழுத்துட்டுப் போனா முன்னாடி நிழலாத் தெரியும், வெட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க, சோம்பல் படாதீங்க. துணியை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தா இந்த மாதிரி எல்லாமே தெரிஞ்சுடும்.

ஜரிகை வேலை பண்றவங்க கை வேர்வையைக் கவனிங்க, அது பட்டா உலோக நூல் கறுக்கும், துணியை மெல்லிய பேப்பரால மூடி தைக்கிற இடத்தை மட்டும் திறந்து வச்சு தைக்கலாம். நூலோட முனைகளைப் பெரிய கண்ணு ஊசியால பின்பக்கம் இறக்கிப் பிடிச்சுத் தைச்சிடணும், மேல விட்டா பிரிஞ்சு நிக்கும்.

துவைக்கிறது, மவுன்ட்

காட்டன் நூல், காட்டன் துணின்னா முடிச்சப்புறம் துவைக்கிறது நல்லது, கை எண்ணெய் கண்ணுக்குத் தெரியாம இருக்கும், வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். குளிர்ந்த தண்ணி, மைல்டான சோப்பு, தேய்க்காம முறுக்காம அலசி, டவல்ல சுருட்டி அழுத்தி எடுங்க. லேசா ஈரம் இருக்கும்போதே தடிமனான டவல் மேல நல்ல பக்கத்தைக் கீழ போட்டு பின்பக்கம் அயர்ன் பண்ணா தையல் நசுங்காம எழும்பி நிக்கும். தேய்க்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க. பட்டு, உலோக நூல், ஃபெல்ட், ஸ்டம்ப்வொர்க் மாதிரி எழும்பி நிக்குற வேலைக்கு தண்ணியே காட்டக் கூடாது, அதுக்கெல்லாம் ஆரம்பத்துலேருந்தே சுத்தமா வச்சுக்கிறதுதான் ஒரே வழி. சாஞ்சு போன கான்வாஸை ஈரப்படுத்தி, பலகையில துருப்பிடிக்காத பின் அடிச்சு நேராக்கி, நல்லா காயுற வரைக்கும் தொடாம விடுங்க, ஒரு முழு நாளாவது ஆகும். சிகரெட் வாசனை, ஈர வாசனை, பூனை முடி இதெல்லாம் நம்ம வீட்டுல நமக்குத் தெரியாது, பழகிடும். வெளி ஆள் ஒருத்தரை விட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க, சிரிப்பா இருந்தாலும் சொல்லுங்க.

மவுன்ட் பண்றதுக்கு பசை, டபுள் சைட் டேப் ரெண்டும் வேணாம். பசை வருஷம் போகப் போக பழுப்பாகி முன்னாடி ஊறி வரும், அனுபவம் உள்ள ஜட்ஜுக்கு அது பிடிக்காது. அமிலம் இல்லாத போர்டை அளவா வெட்டி, துணியை அது மேல வச்சு, ஒவ்வொரு பக்கமும் நடுவுலேருந்து மூலைக்குப் பின் குத்திக்கிட்டே போங்க, துணி இழை போர்டு ஓரத்துக்கு இணையா போகுதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, ஏன்னா படம் நேரா இருந்து இழை கோணலா இருந்தா ஏதோ சரியில்லன்னு பாக்குறவங்களுக்குத் தோணிக்கிட்டே இருக்கும், என்னன்னு மட்டும் சொல்லத் தெரியாது. அப்புறம் பின்பக்கம் வலுவான நூலால ஷூ லேஸ் கட்டுற மாதிரி மேலயும் கீழயும் மாத்தி மாத்தி இழுத்துக் கட்டுங்க, முதல்ல ஒரு திசை, அப்புறம் குறுக்குத் திசை. மூலைத் துணியை மடிச்சுத் தைச்சிட்டா பொதபொதன்னு நிக்காது. பிரேம் கேட்டிருந்தா கண்ணாடி தையலைத் தொடாத மாதிரி நடுவுல மவுன்ட் போர்டோ ஸ்பேசரோ வரணும், எழும்பி நிக்குற வேலைன்னா ஆழமான பிரேம். பிரேமோட கலர், சைஸ் எல்லாம் அடக்கமா இருக்கட்டும், பெரிய தங்க பிரேமுக்குள்ள சின்னப் பறவை பாவமா இருக்கும். மாட்டுறதுக்கு கொக்கியா, கம்பியா, ஒண்ணும் வேணாமான்னு விதியிலயே இருக்கும், அதை மாத்தினா மாட்டுறவங்களுக்குக் கோபம் வரும்.

போட்டோ, ஃபார்ம்

முதல் சுற்று போட்டோலயே நடக்குற போட்டிகள் இருக்கு, அங்க தையல் எவ்வளவு நல்லா இருந்தாலும் படம் மங்கலா இருந்தா ரெண்டாவது சுற்றே கிடையாது. ஃபிளாஷ் வேணாம். நேர் வெயில் படாத ஜன்னல் பக்கத்துல, வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்து சாஞ்சு வர்ற மாதிரி வச்சு எடுங்க, அப்பதான் தையலோட மேடு பள்ளம் தெரியும். கேமராவை துணிக்கு நேர் இணையா பிடிக்கணும், இல்லைன்னா சதுரம் கோணலா வரும். முழுப் படம் ஒண்ணு, கிட்டக்க எடுத்தது ரெண்டு மூணு. ஃபில்டர் எதுவும் வேணாம், ஏன்னா நேர்ல வர்றப்போ கலர் வேறயா இருந்தா ஏமாத்தின மாதிரி ஆயிடும். 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 10 இன்ச் கேட்டா 3,000 பிக்சல் வேணும், வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பி வாங்கின படம் சுருங்கிப் போயிருக்கும், ஒரிஜினல் ஃபைலையே ஏத்துங்க.

வேலையைப் பத்தி நாலு வரி கேப்பாங்க. இங்க கவிதை எழுத ஆரம்பிச்சுடுவாங்க நிறைய பேர். "சின்ன வயசுலேருந்தே ஊசி நூல்னா எனக்கு உயிர்"ங்கறதுல ஜட்ஜுக்கு ஒரு தகவலும் இல்ல. என்ன பாத்தீங்க, அதை ஏன் இந்தத் தையல்ல கொண்டு வந்தீங்க, என்ன துணி, என்ன நூல், அவ்வளவு போதும். அந்த ஈரக் கறை வேலைக்குன்னா இப்படி எழுதலாம்: "மழை நின்ன பிறகு சுவர் மேலிருந்து கீழ காயுது. லினன் துணியில மூணு சாம்பல் நிறக் காட்டன் நூல், ஓட்டுத் தையலோட இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி அது காயுறதைக் காட்டியிருக்கேன்." ஃபார்ம்ல தலைப்பு, அளவு, டெக்னிக் எல்லாம் லேபிள்ல இருக்குற மாதிரியே எழுத்து மாறாம இருக்கட்டும். இன்ஷூரன்ஸுக்கு மதிப்பு கேட்டா பொருள் செலவும் உழைச்ச மணி நேரமும் சேத்துப் போடுங்க, கூச்சப்பட்டு சும்மா ஒரு சின்னத் தொகை எழுதிடாதீங்க, தொலைஞ்சா அதுதான் கிடைக்கும்.

அனுப்புறது, அப்புறம்

பிரேம் இல்லாத துணியை மடிக்காதீங்க, மடிப்புக் கோடு போகவே போகாது. அட்டைக் குழாய்ல அமிலம் இல்லாத டிஷ்யூ சுத்தி, அது மேல துணியை நல்ல பக்கம் வெளிய வர்ற மாதிரி உருட்டுங்க, உள்பக்கமா உருட்டினா தையல் நெருக்கப்பட்டு நசுங்கும். பிரேம் உள்ளதுன்னா கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போட முடியுமான்னு பாருங்க, நிறைய போட்டிகள் தபால்ல வர்ற கண்ணாடியை வாங்கவே மாட்டாங்க. ஒரு பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி, நடுவுல எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பஞ்சோ பபிளோ. திரும்பி வர்றதுக்கும் அதே பெட்டிதான், அதனால டேப்பை வெறி பிடிச்ச மாதிரி சுத்தாதீங்க, எப்படிப் பிரிச்சு எப்படி மூடணும்னு ஒரு சீட்டு உள்ள வைங்க, ரிட்டர்ன் தபால் செலவு யாருதுன்னும் பாத்துக்குங்க. அனுப்புறதுக்கு முன்னாடி வேலையையும் பேக்கிங்கையும் போட்டோ எடுத்து வைங்க, சேதாரம்னா காட்ட அது வேணும்.

ரிசல்ட் வந்ததும் பரிசு இருக்கோ இல்லையோ மார்க் ஷீட்டையும் கமென்ட்டையும் கேட்டு வாங்குங்க, கேட்டாத் தர்றவங்க பலர், கேக்காட்டி வராது. "ஓரம் சீரில்லை", "கலர்ல வேறுபாடு போதலை"ன்னு ரெண்டு வரிதான் இருக்கும், அது யாரும் நேர்ல சொல்லாத ரெண்டு வரி. ஒரு கமென்ட் ஒரு ஜட்ஜோட ரசனையா இருக்கலாம், அதே கமென்ட் ரெண்டு போட்டியில வந்தா அதைச் சரி பண்ணியே ஆகணும். வேலை திரும்பி வந்த அன்னிக்கே பெட்டியைப் பிரிச்சு, அனுப்புறப்போ எடுத்த போட்டோவோட வச்சுப் பாருங்க, இன்ஷூரன்ஸ் கேக்குறதுக்கு நாள் கெடு இருக்கும். மறுபடி வேற போட்டிக்கு அனுப்புற எண்ணம் இருந்தா வெயில் படுற சுவத்துல மாட்டாதீங்க, மியூசியத்துலயே பழைய துணிகளுக்கு 50 லக்ஸ், அதாவது ரொம்ப மங்கலான வெளிச்சம்தான் வைக்கிறாங்க, சாயம் அவ்வளவு சீக்கிரம் வெளுக்கும். டிஷ்யூல சுத்தி வச்சுட்டு, அடுத்த போட்டியோட விதியில ஏற்கனவே காட்சிக்கு வச்ச வேலையை வாங்குவாங்களான்னு பாத்துட்டு எடுங்க.